ஒட்டகச்சிவிங்கியின் காலுறை

ஒட்டகச்சிவிங்கிக்குக் கால் வீங்குவதில்லை. இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் உடலியல் படித்தவர்களை வெகுநாள் குடைந்த கேள்வி இது. நாலைந்து மீட்டர் உயரத்தில் இருக்கும் தலைக்கு இரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால், அந்த விலங்கின் இரத்த அழுத்தம் நமக்கு இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது போதாதென்று, இதயத்துக்குக் கீழே நெடுநெடுவென்று நிற்கும் கால்களில் தேங்கும் இரத்தத்தின் எடை வேறு. குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் மெல்லிய நாளங்கள் இவ்வளவையும் தாங்க வேண்டும். கணக்குப்படி பார்த்தால் நாளங்களிலிருந்து நீர் கசிந்து, நாலு காலும் யானைக்கால் மாதிரி ஆகியிருக்க வேண்டும். ஆனால் அதன் கால் பந்தயக் குதிரையின் கால்போல வற்றி, நரம்போடிக் கிடக்கிறது.

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த ஆலன் ஹார்கென்ஸும் கூட்டாளிகளும் இதை அளந்து பார்த்து 1987இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விடை தோலில் இருந்தது. ஒட்டகச்சிவிங்கியின் கால் தோலும் அதற்கு அடியில் இருக்கும் சவ்வும் தடித்து, சற்றும் இளகாமல், சதையை இறுகக் கவ்விப் பிடித்திருக்கின்றன. உள்ளே இருந்து இரத்தம் வெளியே தள்ளினால், வெளியே இருந்து தோல் உள்ளே தள்ளுகிறது. கசிவதற்கு நீருக்கு இடமே இல்லை. பிறக்கும்போதே முழங்கால்வரை இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு வந்த விலங்கு அது.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டோம். தோல் மட்டும் தளர்வாகவே இருந்துவிட்டது. கெண்டைக்காலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாலே தெரியும்.

ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இதயத்திலிருந்து கணுக்கால்வரை ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு நிற்கும் இரத்தத் தூணின் அழுத்தம், நாம் பிபி பார்க்கும் அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கில், 90 வரும். கையில் பார்க்கும் 120, 80 எல்லாம் தமனியின் கணக்கு. இங்கே 90 என்பது சிரையில், அதாவது கெட்ட இரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் மெல்லிய குழாயில். படுத்துவிட்டால் இதே அழுத்தம் பத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

நடந்தால்? அங்கேதான் கெண்டைக்கால் சதையின் வேலை. ஒவ்வொரு எட்டுக்கும் அந்தச் சதை சுருங்கி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழிந்த இரத்தம் மேலே போகிறது. போனது திரும்பிக் கீழே இறங்காமல் சிரைக்குள் வரிசையாக வால்வுகள் காவல் இருக்கின்றன. பழனி மலைக்குச் சுமை தூக்கிப் போகிறவர் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவாரே, அப்படி இரத்தம் வால்வுக்கு வால்வு நின்று ஏறுகிறது. பத்துப் பன்னிரண்டு எட்டு வைப்பதற்குள் கணுக்காலில் இருந்த 90, முப்பதுக்கும் கீழே வந்துவிடுகிறது. கெண்டைக்கால் சதையை ‘இரண்டாவது இதயம்’ என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வால்வுகள் இருப்பதை உங்கள் கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கையைத் தொங்கப் போடுங்கள். புறங்கையிலும் முன்கையிலும் சிரைகள் புடைத்து எழும். நேராக ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விரல் பக்கமாக உள்ள முனையை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி அழுத்தி வழித்துவிட்டு, அந்த இரண்டாவது விரலை மட்டும் எடுங்கள். சிரை ஓரிடம்வரை மட்டும் மேலிருந்து நிரம்பி, அங்கே சின்ன முடிச்சுபோல நின்றுவிடும். அதற்குக் கீழே தட்டையாகக் கிடக்கும். முதல் விரலை எடுத்தால் கீழிருந்து சட்டென்று நிரம்பும். முடிச்சு தெரிந்த இடத்தில்தான் வால்வு. வில்லியம் ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தச் சோதனையைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அவருடைய ஆசிரியர், இத்தாலியின் பதுவா நகரத்து ஃபாப்ரீசியுஸ், இந்த வால்வுகளைப் பற்றி 1603லேயே தனிப் புத்தகம் போட்டவர். ஆனால் இரத்தம் கைகால்களை நோக்கி வெள்ளமாகப் பாய்ந்துவிடாமல் தடுக்கும் மடைகள் இவை என்று அவர் நினைத்தார். வழி ஒன்றுதான், இதயத்தை நோக்கித்தான் என்று கண்டது மாணவர்.

இந்த வால்வின் இரண்டு மென்தகடுகளும் சரியாகப் பொருந்தாமல் போனால் சங்கடம் ஆரம்பிக்கிறது. ஏறிய இரத்தம் கீழே வடிகிறது, சிரை விரிகிறது, விரிந்ததால் தகடுகளுக்கு இடையே இடைவெளி இன்னும் கூடுகிறது. தோலுக்கு அடியில் நீலமாகச் சுருண்டு புடைப்பதை ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் வெரிகோஸ் வெயின். அதோடு நின்றால் பரவாயில்லை. நடந்தாலும் அழுத்தம் இறங்காத காலில், உள்கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்துத் தடித்துப் போகும். கசிந்த சிவப்பணுக்கள் விட்டுப்போன இரும்புக் கறை அது. பிறகு அங்கே கதவில் இடித்த சின்னக் காயம்கூட மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும்.

அப்படிப்பட்ட புண்ணோடு அவதிப்பட்டவர் கான்ராட் ஜோப்ஸ்ட். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகரில் வாழ்ந்த பொறியாளர். நீச்சல் குளத்தில் நின்றால் மட்டும் கால் வலி விட்டுப்போவதை அவர் கவனித்தார். வேறொருவராக இருந்தால் ‘குளிர்ந்த தண்ணீர், இதமாக இருக்கிறது’ என்று விட்டிருப்பார். பொறியாளர் புத்தி விடவில்லை. தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். கணுக்காலில் அதிகம், முழங்காலில் அதைவிடக் குறைவு, இடுப்பில் இன்னும் குறைவு. காலுக்குள் இருக்கும் இரத்தத் தூணும் அதே விதிக்குத்தான் கட்டுப்பட்டது. இரத்தத்தின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆகவே மார்பளவுத் தண்ணீரில் நிற்பவருக்கு, உள்ளே கணுக்காலை அமுக்கும் 90க்கு எதிராக வெளியே இருந்து தண்ணீர் ஏறக்குறைய அதே அளவுக்குத் திருப்பி அமுக்குகிறது. காலின் எந்த உயரத்தில் வெட்டிப் பார்த்தாலும் இரண்டும் சரிக்குச் சரி. புவியீர்ப்பு இருந்தும் இல்லாத மாதிரி.

குளத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு திரிய முடியாது. அதனால் ஜோப்ஸ்ட், கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறையைச் செய்தார். 1950இல் அதற்கென்று நிறுவனமும் தொடங்கினார். தற்செயலாக இன்னொருவரும் இதே வழியில் போயிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் வில்பர் ஃபிராங்க்ஸ், விமானம் சடாரென்று வளையும்போது இரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி விமானிகள் மயங்குவதைத் தடுக்க, தண்ணீர் நிரப்பிய உடுப்பைத் தைத்தார். அவரும் குளத்தைத்தான் உடம்பில் கட்டிவிட்டார் என்று சொல்லலாம்.

காலை இறுக்கிக் கட்டும் பழக்கம் ஜோப்ஸ்டுக்கு மிக மிக முந்தியது. புண்ணுள்ள காலுக்குக் கட்டுப் போடுவது பண்டை கிரேக்க வைத்தியத்திலேயே உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சிப் பதப்படுத்தச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்த பிறகுதான், இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் நூல் சாத்தியமாயிற்று. ஜோப்ஸ்ட் சேர்த்தது, எங்கே எவ்வளவு என்ற கணக்கை.

அந்தக் கணக்கை லாப்லாஸ் என்ற பிரெஞ்சு அறிஞரின் விதி ஆள்கிறது. ஒரே இழுவிசையில் ஒரு துணியைச் சுற்றினால், மெல்லிய உருளையில் அழுத்தம் அதிகம், தடித்த உருளையில் குறைவு. கணுக்காலின் சுற்றளவு 22 சென்டிமீட்டர், கெண்டைக்காலின் சுற்றளவு 36 என்று வைத்துக்கொள்வோம். சீராக இழுத்துச் சுற்றிய துணி கணுக்காலில் 30 அழுத்தினால் கெண்டைக்காலில் தானாகவே 18தான் அழுத்தும். ஜோப்ஸ்டின் படிக்கட்டில் பாதியை மனிதக் காலின் வடிவமே கட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் இதே விதிக்கு ஒரு பொல்லாத பக்கமும் உண்டு. முன்னங்காலின் எலும்பு விளிம்பும் கணுக்கால் முட்டியும் மிக மெல்லிய உருளைகள். அங்கே காலுறை கடிக்கும். கணுக்கால் முட்டிக்குப் பின்னால் இருக்கும் குழிவில் துணி படவே படாது; அங்கே அழுத்தம் சுழியம். புண் பெரும்பாலும் வருவதோ அந்தக் குழிவை ஒட்டித்தான். அதனால் விவரம் தெரிந்த செவிலியர் அந்தக் குழிவில் பஞ்சு அல்லது ஃபோம் துண்டு ஒன்றை வைத்து மேடாக்கிவிட்டுத்தான் கட்டுப் போடுவார்.

சரி, குளம் 90 அழுத்துகிறதே, கடையில் வாங்கும் காலுறை ஏன் இருபது முப்பதோடு நின்றுவிடுகிறது? தொண்ணூறு அழுத்தும் காலுறையைப் படுக்கும்போதும் போட்டிருந்தால் தோலுக்குப் போகும் நல்ல இரத்தமே நின்றுவிடும். அவ்வளவு தேவையும் இல்லை. காலுறை குளத்துக்கு முழு மாற்றாக இருக்க வேண்டியதில்லை; தளர்ந்த தோலைக் கொஞ்சம் விறைப்பாக்கிக் கொடுத்தால் போதும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை புடைத்து இந்த விறைப்பான சுவரில் மோதுகிறது, பிழிதல் பலமாகிறது. நாளத்திலிருந்து சதைக்குள் நீர் கசிவதும் குறைகிறது. ஜெர்மனியின் தரவரிசையில் முதல் வகை 18 முதல் 21. இரண்டாம் வகை 23 முதல் 32. மூன்றாம் வகை 34 முதல் 46. பிரிட்டனின் வரிசை இதைவிடக் கீழே ஆரம்பிக்கிறது. ஆகவே வெறுமனே ‘கிளாஸ் 2’ என்று கேட்டு வாங்குவதைவிட, பெட்டியில் எண் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதே பத்திரம். எண்ணே இல்லாமல் எஸ், எம், எல் என்று மட்டும் போட்டு, மூட்டுவலி முதல் கால் எரிச்சல்வரை எல்லாம் போகும் என்று விற்கிறவற்றை நான் காலுறையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

யாருக்குப் பலன்? சிரைப் புண் உள்ளவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அங்கே அழுத்தக் கட்டுதான் முதல் வைத்தியம், களிம்பெல்லாம் அதற்குப் பிறகு. நிணநீர் வீக்கத்துக்கும் அப்படியே. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் தோலடித் தொற்று இருக்கிறதே, கால் சிவந்து கொதித்துக் காய்ச்சலோடு படுக்கப் போடும் செல்லுலைட்டிஸ், அதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. மொத்தம் 84 பேர். அழுத்தக் காலுறை போட்ட 41 பேரில் 6 பேருக்குத்தான் தொற்று திரும்பியது. போடாத 43 பேரில் 17 பேருக்குத் திரும்பியது. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரையில் இப்படி ஒரு பலன் கிடைத்திருந்தால் ஊரெங்கும் விளம்பரம் பார்த்திருப்போம்.

நீண்ட விமானப் பயணத்துக்கும் ஆதாரம் உண்டு. 2001இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், காலுறை போடாமல் பறந்த 116 பேரில் 12 பேரின் காலில், அவர்களே அறியாமல், இரத்தக் கட்டி உருவாகியிருந்தது. போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. அறிகுறி இல்லாத சின்னக் கட்டிகள்தான், பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடுபவை, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளுக்கு இரத்தத்தின் அளவும் கூடுகிறது, கருப்பை இடுப்புச் சிரைகளையும் அழுத்துகிறது. கால் கனமும் வீக்கமும் குறையக் காலுறை உதவும். புதிதாகச் சிரை புடைப்பதை அது தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

ஆனால் ‘கட்டியைத் தடுக்கிறது அல்லவா, எல்லா நோயாளிக்கும் போட்டுவிடுவோம்’ என்று கிளம்பிய இடத்தில் அறிவியல் காலை வாரிவிட்டது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர்களுக்குத் தொடைவரை நீளும் காலுறை போடுவது பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. 2,518 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2009இல் ‘லான்செட்’ வெளியிட்ட முடிவு இது: ஆழ்சிரைக் கட்டி வந்தவர்கள் காலுறை போட்டவர்களில் நூற்றுக்கு 10, போடாதவர்களில் 10.5. பலன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தோல் உரிந்து கொப்பளித்தவர்களோ நூற்றுக்கு ஒருவர் என்பதிலிருந்து ஐவராக ஏறினார்கள். கனடாவில் 2014இல் இன்னொன்று. ஆழ்சிரைக் கட்டி வந்து குணமானவர்களுக்குப் பிற்காலத் தொல்லை வராமல் இருக்க இரண்டு வருடம் காலுறை போடச் சொல்வது வழக்கமாக இருந்தது. ஆய்வாளர்கள் பாதிப் பேருக்கு நிஜக் காலுறையும், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருந்து அழுத்தமே இல்லாத பொய்க் காலுறையும் கொடுத்தார்கள். தொல்லை வந்தவர்களின் விகிதம் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. பொய்க் காலுறை போட்டுச் சோதிக்கலாம் என்று நினைத்த அந்த மூளையை மெச்ச வேண்டும்.

விட்டுவிடக் கூடாத எச்சரிக்கை ஒன்று. மேலே சொன்னதெல்லாம் சிரையின் கதை. காலுக்கு நல்ல இரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டிருப்பவருக்கு இதே காலுறை காலையே பறித்துவிடலாம். ஏற்கெனவே மெலிந்த ஓட்டத்தின்மேல் வெளியிலிருந்து இன்னும் ஒரு சுமை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விட்டுப்போகிறதா? பாதம் சில்லிட்டு, விரலில் முடி உதிர்ந்து பளபளக்கிறதா? காலுறைக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டிய கால் அது. அவர் கணுக்காலில் ஒரு பிபி, கையில் ஒரு பிபி பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பார்ப்பார். ஒன்றை ஒட்டி வந்தால் நல்லது. பாதிக்கு இறங்கியிருந்தால் அழுத்தக் காலுறை கூடவே கூடாது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்தக் கணக்கே ஏமாற்றும். சுண்ணாம்பு படிந்து விறைத்த தமனி பிபி பட்டைக்கு மசியாததால் எண் அழகாக வந்து நிற்கும். மரத்துப்போன பாதத்தில் காலுறை மடிந்து கடிப்பதும் தெரியாது. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு சர்க்கரைக்காரர் இருக்கும் நிலையில் இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

மாட்டுவது தனிக் கலை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். எழுந்து காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் நீர் இறங்க ஆரம்பித்திருக்கும். காலுறைக்குள் கையை விட்டுக் குதிகாலைப் பிடித்து, குதிகால்வரை உள்பக்கத்தை வெளியே புரட்டிவிட்டு, முதலில் பாதத்தை நுழைக்க வேண்டும். குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு மீதியை மெல்ல மேலே ஏற்றலாம். வெறும் கையைவிடப் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை நன்றாகப் பிடிக்கும். மோதிரத்தைக் கழற்றிவிடுவது நல்லது. நீளம் மிஞ்சுகிறது என்று மேல்விளிம்பை மட்டும் மடித்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு மடிப்பு, இரண்டு மடங்கு அழுத்தம், அதுவும் முழங்காலுக்குக் கீழே ஒரு கயிறுபோல. வெயில் காலத்தில் சென்னையிலோ மதுரையிலோ இதைப் போட்டுக்கொண்டிருப்பது எளிதல்ல. பலர் ஒரு வாரத்தில் அலமாரிக்குள் வைத்துவிடுவதில் வியப்பில்லை. விரல் திறந்த ரகம் கிடைக்கிறது; செருப்புப் போடும் ஊருக்கு அதுதான் தோது.

நாள் முழுக்க நிற்பவர்கள் என்றால் நமக்கு முதலில் நினைவு வருவது தி. நகர் ஜவுளிக் கடைகள்தான். புடவையை விரித்துப் போட்டபடி நின்றே பொழுது போகும். அங்கே வேலை பார்க்கும் பெண்களின் கெண்டைக்கால் சதைக்கு வேலையே இல்லை. 90 என்ற அழுத்தம் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கேரளம் 2018இல் சட்டம் திருத்தி உட்காரும் உரிமை தந்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. இப்படி நிற்பவர்களுக்கும் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் மாலையில் வரும் வீக்கத்தை வியன்னாவின் ஹியூகோ பார்ட்ஷ் அளந்திருக்கிறார். 11 முதல் 21வரை அழுத்தும் மெல்லிய காலுறையே அதைக் குறைத்துவிடுகிறது, முப்பதுகளுக்குப் போக வேண்டியதில்லை என்று கண்டார். ஆனாலும் காலுறையைக் காட்டி ஸ்டூலை எடுத்துவிட முதலாளிக்கு வழி விடக் கூடாது. ஸ்டூலுக்குக் காசும் குறைவு, வியர்க்கவும் வியர்க்காது.

இதே பார்ட்ஷ்தான், இத்தாலியின் ஜொவான்னி மோஸ்தியோடு சேர்ந்து, ஜோப்ஸ்டின் குளத்துக்கே ஒரு கேள்வி போட்டவர். அசையாமல் நிற்பவருக்குக் குளம் சரி, நடப்பவருக்கு? பிழியப்பட வேண்டிய இரத்தம் நிறைய இருப்பது கெண்டைக்காலில். கணுக்காலில் இருப்பது எலும்பும் தசைநாரும்தான், பிழிய ஒன்றுமில்லை. அப்படியானால் அழுத்தத்தைக் கெண்டைக்காலில் அல்லவா கூட்ட வேண்டும்? கூட்டிப் பார்த்தார்கள், சதையின் இறைப்புத் திறன் வழக்கமான காலுறையைவிட நன்றாக இருந்தது. பிரான்சில் சிரை நோயுள்ள 401 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2012இல் வந்தது. பாதிப் பேருக்குக் கணுக்காலில் 30, மேல் கெண்டைக்காலில் 21 என்ற பழைய முறை. மீதிப் பேருக்குக் கணுக்காலில் வெறும் 10, மேலே 23 என்று தலைகீழ். கால் வலியும் கனமும் தலைகீழ்க் காலுறைக்காரர்களுக்கே அதிகம் குறைந்தன. குறுகலான கணுக்கால் வழியே இழுத்து மாட்டும் போராட்டமும் அவர்களுக்குக் குறைவு. வீக்கமும் புண்ணும் உள்ள கால்களுக்கு இது பொருந்துமா என்பது வேறு கேள்வி. கடைகளில் இன்றைக்கும் பெரும்பாலும் கிடைப்பது கணுக்காலை இறுக்கும் ஜோப்ஸ்டின் ரகம்தான்.